மேகம் பார்த்த பொருத்தம்

இனி ஆறு எவ்வளவு உயரத்துக்கு வந்தாலும் தன் குரல் மட்டும் நனையக் கூடாது என்று நாதோ தீர்மானித்துவிட்டார்.

முழுப் பெயர் பொர்த்துனாதோ. சுருக்கிக் கூப்பிட்டதில் பெயரிலாவது கொஞ்சம் நாதம் வந்து சேர்ந்தது. தொண்டையில் அது கிடையாது. இது ஆற்றங்கரை ஊரான மரிகினாவில் அவர் தெரு முழுக்கத் தெரிந்த விஷயம். தெரியாதவர் ஒருவர்தான். அவர் தினமும் சாயங்காலம், திரையில் வரி ஓட ஓடக் கூடவே பாடுகிற வீடியோகே பெட்டியைப் போட்டு, மைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

பெரிய வெள்ளத்தில் வீட்டுக்குள் ஆறு வந்தபோது ஆளுக்கு ஒன்றைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடினார்கள். மனைவி ரெமெதியோஸ் சோறு வைக்கிற குக்கரைத் தூக்கினாள். பக்கத்து வீட்டு தோமிங் தன் சண்டைச் சேவல் ஹெனராலைத் தூக்கப் போய், கூண்டு கைக்கு எட்டாமல், அதை ஆற்றோடு விட்டுவிட்டு அழுதுகொண்டே வந்தான். நாதோ தலையில் வைத்துக் கொண்டுபோனது லேப்டாப். அதற்குள் இருநூற்றுப் பன்னிரண்டு பாட்டு. எல்லாம் அவரே பாடிப் பதிவு செய்தது.

"தையல் மெஷினைத் தூக்கியிருக்கலாம்" என்பாள் ரெமி. வருஷம் மூன்றாகிவிட்டது. இப்போதும் குழம்பு கொதிக்கிற நேரத்தில் திடீரென்று சொல்வாள்.

அந்த லேப்டாப்புக்கும் இப்போது மூச்சு வாங்க ஆரம்பித்திருந்தது.

"பாட்டையெல்லாம் மேகத்துல ஏத்திடப்போறேன், ரெமி."

ரெமி சினிகாங் என்கிற புளிக்குழம்புக்கு முள்ளங்கி நறுக்கிக்கொண்டிருந்தாள். "எதுல?"

"மேகத்துல. நம்ம வீட்டுல இருக்காது. எங்கயோ தூரத்துல கம்பெனிக்காரங்க பத்திரமா வெச்சுப்பாங்க. நமக்கு வேணுங்கறப்ப போன்ல கேட்டுக்கலாம். எந்த வெள்ளமும் தொட முடியாது."

"வெள்ளம் எங்கேருந்து வந்துது?"

"ஆத்துலேருந்து."

"ஆத்துக்கு?"

"மழையிலேருந்து."

"மழை?"

நாதோ ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்தார்.

"வெள்ளத்துக்குப் பயந்து, வெள்ளத்தோட பொறந்த வீட்டுலயே கொண்டுபோய் வைக்கறீங்க. பிரமாதம். அந்தப் புளியை எடுங்க."

ஆனால் நாதோவின் அவசரத்துக்கு வேறு காரணமும் இருந்தது. இன்னும் ஆறு வாரத்தில் அவர்களுடைய வெள்ளி விழாக் கல்யாண நாள். மாதா கோவிலில் பூசை முடிந்து வீட்டு வாசலில் பந்தல், மத்தியான விருந்து, முழுப் பன்றி வாட்டல். அந்தப் பந்தலில் மேகத்திலிருந்து தன் குரல் இறங்கிவர வேண்டும். அதை சலூத் டீச்சர் கேட்க வேண்டும்.

சலூத் டீச்சர் கோவில் பாடகர் குழுவின் தலைவி. இருபது வருஷத்துக்கு முன் நாதோ குழுவில் சேரப் போனார். ஒரே ஒரு வரி பாடினார். டீச்சர் பியானோவின் மூடியை மூடினார். படாரென்று மூடியிருந்தால் கூட மறந்திருக்கலாம். மெதுவாக மூடினார். செத்தவர் கண்ணை மூடுகிற மாதிரி.

"அன்னைக்கு எனக்கு சளி" என்பது நாதோவின் கட்சி. அசலை அச்சடித்தாற்போல, இசைத்தட்டு வைத்த மாதிரி பாடுகிறவனை எங்கள் ஊரில் 'ப்ளகாடோ' என்போம். அதைவிடப் பெரிய பட்டம் இங்கே கிடையாது. தான் ப்ளகாடோ என்பதில் நாதோவுக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

ஆராய்ச்சி தொடங்கியது. அடகுக்கடைக் காலண்டரைப் பின்பக்கம் திருப்பிக் கட்டம் போட்டு ஃபிரிட்ஜில் ஒட்டினார். மூன்று கம்பெனிகள். பெயர் வாயில் நுழையாததால், போனில் தெரியும் படத்தின் நிறத்தை வைத்து நீலம், பச்சை, வெள்ளை என்று வைத்துக்கொண்டார்.

முதலில் நீலம். நாம் கொடுக்கும் பாட்டை அப்படியே வாங்கி வைத்துக்கொள்ளும். நேர்மையான பயல். ஆனால் ஒவ்வொரு பாட்டையும் நம் வீட்டு இணையம்தான் சுமந்துகொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். எங்கள் பேட்டை இணையம் கர்ப்பிணி மாதிரி. மாடிப்படி ஏறாது. மூன்று நாளில் பதினோரு பாட்டு ஏறியது. அந்த மூன்று நாளும் ரெமியின் கொரிய சீரியலில் கதாநாயகன் காதலைச் சொல்ல வாயைத் திறந்தவன் திறந்தபடியே நின்றான்.

"உங்க பாட்டு மேல ஏறுது. என் சீரியல் கீழ எறங்க மாட்டேங்குது" என்றாள் ரெமி. "அந்தப் பையன் பல்லையெல்லாம் எண்ணி முடிச்சிட்டேன். இருபத்தெட்டு."

"கொஞ்சம் பொறுத்துக்கோ. இன்னும் இருநூத்தியோரு பாட்டுதான்."

"அதுக்குள்ள அவனுக்கு மீதிப் பல்லும் முளைச்சிரும்."

அடுத்து பச்சை. இது தோமிங்கின் கட்சி. கக்கத்தில் புதுச் சேவலோடு வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, வார்த்தைக்கு வார்த்தை 'பாரே', அதாவது 'நண்பா' போட்டுப் பிரச்சாரம் செய்தான்.

"ஏன் பாரே கஷ்டப்படறே? பச்சையை எடு. எதையும் ஏத்த வேணாம், வெக்க வேணாம். அஞ்சு கோடிப் பாட்டு அவனே வெச்சிருக்கான். பேரைச் சொன்னாப் பாடும்."

"அஞ்சு கோடியில என் பாட்டு ஒண்ணாவது இருக்கா?"

"இல்ல பாரே."

"பின்ன என்ன மண்ணுக்கு அது?"

"அது இல்லாததாலதான் பாரே நான் சேந்தேன்."

சேவல் கூட ஒரு மாதிரி பார்த்தது. நாதோ கட்டத்தில் பச்சைக்கு நேரே பெரிய பெருக்கல் குறி போட்டார்.

இப்படியே நாலு வாரம். காலையில் ஒப்பீடு, மத்தியானம் ஒப்பீடு, படுக்கப்போகும் முன் ஒப்பீடு. ஃபிரிட்ஜைத் திறக்க வேண்டுமென்றால் நீலத்தை விலக்கி, பச்சையைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். முட்டை எடுக்கப் போன ரெமி கையில் பசை ஒட்டிக்கொண்டு வந்தாள். அன்றைக்குத்தான் அடுப்பை அணைத்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவள் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்தால் எதிராளிக்கு நல்லதில்லை. இருபத்தைந்து வருஷத்தில் நாதோ அதைக் கற்றுக்கொண்டிருக்க வேண்டும்.

"அந்த வெள்ளை என்ன பண்ணும்?"

நாதோவுக்குக் கண் கலங்கிவிட்டது. முதல் முறையாகக் கேட்கிறாள்!

"அது கெட்டிக்காரன், ரெமி. பாட்டோட பேரையும் பாடினவர் பேரையும் பார்த்துப் பொருத்தம் பார்க்கும். பொருந்திட்டா ஒரே நொடியில டிக் போட்டுரும். ஏத்தற வேலையே இல்ல. இதோ பாரு, இங்க போட்டிருக்கான். 'பொருத்தம் கிடைத்தால் தெளிவான பிரதி வழங்கப்படும்.' "

ரெமி அந்த வரியைப் படித்தாள். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை படித்தாள்.

"தெளிவான பிரதின்னா?"

"நம்ம பாட்டுல நாய் குலைக்கறது, தோமிங் சேவல் கூவறது, நீ பாத்திரத்தைப் போடறது எல்லாம் கேக்குதுல்ல? அதையெல்லாம் வழிச்சு எடுத்துட்டு என் குரலை மட்டும் பளிச்சுனு குடுப்பான்."

"ஓஹோ" என்றாள் ரெமி.

அந்த ஓஹோவில் சங்கதி இருந்தது. சங்கதி பிடிக்கும் காது நாதோவுக்கு இல்லை.

"ஆனா உங்க பாட்டுக்கெல்லாம் என்ன பேர் வெச்சிருக்கீங்க?"

"நாதோ-1, நாதோ-2..."

"அட, இது என்ன ஜெயில் கைதி நம்பர் மாதிரி? டீச்சர் வந்து பார்த்தா, பெரிய திரையில பாட்டுப் பேரும் பாடகர் பேரும் அழகா ஓட வேணாமா? ஒவ்வொண்ணுக்கும் அசல் பேரு, அசல் பாடகர் பேரு போட்டுருவோம்."

"அசல் பாடகர் பேரா? பாடினது நான்."

"நீங்க ப்ளகாடோதானே?"

"சந்தேகமா?"

"அப்புறம் என்ன? அவர் பேரைப் போட்டா என்ன, உங்க பேரைப் போட்டா என்ன?"

இதற்குமேல் ஒரு கணவனுக்கு என்ன வேண்டும்? இரண்டு மத்தியானம் ரெமி பக்கத்தில் உட்கார்ந்து இருநூற்றுப் பன்னிரண்டு பாட்டுக்கும் பெயர் அடித்தாள். சீரியலைக் கூடப் பார்க்கவில்லை. எழுத்துப்பிழை வந்தால் அழித்துத் திருத்தினாள். "பேரு சரியா இருக்கணும். இல்லேன்னா பொருந்தாது" என்று அவரையே அதட்டினாள். நீலத்தோடு உறவு முறிந்தது. வெள்ளையில் பொத்தானை அழுத்தினார்கள். நாலே நிமிஷத்தில் வரிசையாக டிக், டிக், டிக். இருநூற்றுப் பன்னிரண்டும் பொருத்தம்.

"ஒண்ணு கூடத் தப்பல!" என்று நாதோ கை தட்டினார்.

"எடுத்த உடனே கேட்டுறாதீங்க. விருந்தன்னைக்குக் கேப்போம். அன்னைக்குத்தான் அதுக்கு மவுசு" என்றாள் ரெமி. லேப்டாப்பில் இருந்ததையும் இடத்தை அடைக்கிறது என்று சொல்லி, அவரையே அழிக்க வைத்தாள். மேகம் இருக்கும்போது மண்ணில் எதற்கு?

விருந்து நாள் வந்தது. பந்தல், வாடகை நாற்காலி எண்பது, பளபளவென்று வாட்டிய பன்றி, மலை மாதிரி பான்சித் நூடுல்ஸ். முன் வரிசையில் சலூத் டீச்சர், விசிறியோடு. நாதோ வெள்ளைச் சட்டையில் எழுந்து நின்று, "இது நான் பாடின பாட்டுங்க. மேகத்துலேருந்து வருது" என்று அறிவித்துப் போனைத் தொட்டார்.

நாற்காலிகள் பின்னுக்கு நகரும் சத்தம் கேட்டது. பழக்கதோஷம்.

இசை எழுந்தது. குரல் எழுந்தது. தேன். பட்டு. முதல் வரியில் நாதோவே நம்பிவிட்டார். 'என்னமா வழிச்சு எடுத்திருக்கான்!' என்று நினைத்தார். இரண்டாவது வரியில் சுருதி அப்படியே நின்றது. மூன்றாவது வரியில் ஆங்கில உச்சரிப்பு சரியாக இருந்தது. அப்போதுதான் சந்தேகம் தட்டியது.

பந்தல் அதிர்ந்தது. "ப்ளகாடோ! ப்ளகாடோ!" என்று கத்தினார்கள். ஐந்தாவது பாட்டு ஒரு பாடகியுடையது. பொம்பளைக் குரலே வந்தது. "பொம்பளைக் குரல் வேறயா! மனுஷன் எங்க ஒளிச்சு வெச்சிருந்தான் இதை?" என்று கைத்தட்டல் இரண்டு மடங்கானது.

நாதோ ரெமியைச் சமையல்கட்டுக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

"ரெமி! அது நான் இல்ல!"

"உஷ். டீச்சர் காதுல விழும்."

"வெள்ளை என்னோடதைத் தூக்கிப் போட்டுட்டு அசல்காரனைப் பாட விட்டிருக்கான்!"

"பொருத்தம் பாத்தான். ரெண்டுக்கும் வித்தியாசம் இல்லேன்னு டிக் போட்டான். நீங்கதானே கை தட்டினீங்க? மெஷினே குடுத்த ப்ளகாடோ பட்டம். வேற என்ன வேணும்?"

"வித்தியாசம் எப்படி இல்லாம இருக்கும்? காது கேக்கறவன் எவனுக்கும் தெரியுமே!"

"தெரியுமா? அப்ப போய் மைக்கைப் பிடிச்சுச் சொல்லுங்க. 'ஐயா, இவ்வளவு நல்லா எனக்குப் பாட வராது'ன்னு."

நாதோ வாயைத் திறந்தார். திறந்தபடியே நின்றார், கொரியக் கதாநாயகன் மாதிரி.

அந்த வாய் மூடுவதற்குள் சலூத் டீச்சரே சமையல்கட்டு வாசலுக்கு வந்துவிட்டார். கண்ணில் நீர்.

"நாதோ, என்னை மன்னிச்சிருப்பா. இருபது வருஷம் ஒரு பெரிய குரலை வெளியில நிக்க வெச்சுட்டேன். வர்ற ஞாயித்துக்கிழமை காலைப் பூசையில நீதான் தனியாப் பாடறே. ஃபாதர் கிட்டயும் சொல்லிட்டேன்."

இருபது வருஷமாகக் காத்திருந்த வார்த்தை. டீச்சர் போனதும் நாதோ ரெமியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ரெமி, ஞாயித்துக்கிழமை! எப்படியாவது காப்பாத்து!"

"மணி என்ன?"

"நாலே முக்கால். அதுக்கென்ன இப்போ?"

"அஞ்சு மணிக்கு நாற்காலிக்காரன் வண்டியோட வந்துருவான். ஒருத்தராவது எழுந்திருக்கற மாதிரி தெரியுதா? உங்க பாட்டு கேட்டுட்டு மூணாவது ரவுண்டு சாப்பிடறாங்க." சொல்லிக்கொண்டே ரெமி கைப்பையைத் திறந்து, சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு பென் டிரைவை எடுத்தாள். "நீங்க அழிக்கறதுக்கு முன்னாடி ஒரு பிரதி எடுத்து வெச்சேன். இது மாதிரி எதுக்காவது ஆகும்னு."

போய் ஸ்பீக்கரில் சொருகினாள்.

நாதோ-1.

முதல் வரிக்கு நாலு மேஜை எழுந்தது. இரண்டாவது வரிக்கு, பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் இருப்பது பலருக்கு ஞாபகம் வந்தது. மேல்ஸ்தாயிக்கு நாதோ எட்டிப் பிடிக்கப் போன இடத்தில் பேட்டைத் தலைவர் கபித்தானின் குடும்பமே கறிப் பொட்டலத்தோடு வாசல் தாண்டியது. சலூத் டீச்சர் எழுந்து வந்தார். கை தானாகவே எதையோ தேடியது. பியானோ மூடியாக இருக்கலாம்.

"யாருப்பா இது?"

நாதோ ரெமியைப் பார்த்தார். ரெமி பன்றியைப் பார்த்தாள்.

இது நான்தான் என்றால் ஞாயிற்றுக்கிழமை பிழைக்கலாம், மானம் போகும். இல்லையென்றால் மானம் பிழைக்கும். ஞாயிற்றுக்கிழமை எல்லாமே போகும்.

"அன்னைக்கு... எனக்கு சளி, டீச்சர்."

டீச்சர் விசிறியை மடித்தார். மெதுவாக.

"ஞாயித்துக்கிழமை பத்தி நான் அப்புறமா சொல்லி அனுப்பறேன்" என்று போய்விட்டார்.

சரியாக ஐந்து மணிக்கு எண்பது நாற்காலியும் காலி. இல்லை, எழுபத்தொன்பது. கடைசி வரிசையில் தோமிங் மட்டும் அசையாமல் உட்கார்ந்திருந்தான். கன்னத்தில் கண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. நாதோ ஓடிப்போய்ப் பக்கத்தில் நின்றார். பச்சைக் கட்சிக்காரன்! ஊரே ஓடியும் உட்கார்ந்து கேட்கிறானே!

"பாரே" என்றான் தோமிங், குரல் உடைந்து. "இந்தப் பாட்டை எனக்கு இன்னொரு தடவை போட முடியுமா?"

"ஒரு தடவை என்னப்பா, விடிய விடியப் போடறேன்! எந்த இடம் பிடிச்சிருக்கு, சொல்லு."

"நடுவுல எங்க ஹெனரால் கூவறான் பாரு, அந்த இடம்."