வலது கையின் தாழ்மை

"மொகத்த வெட்டிடவா சார்?" என்று கேட்டான், சிதம்பரத்தில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்த அரவிந்தன்.

"வெட்டிடுப்பா, கை மட்டும் போதும். வலது கை செய்யறது இடது கைக்கே தெரியக்கூடாதுன்னு வேதத்துல இருக்கு," என்றார் தேவசகாயம்.

தானே புயல் அடித்துப் பத்து நாளாகியும் கடலூரில் கரண்ட் வரவில்லை. அதனால் தாழ்மையாக இருப்பதற்குக்கூட அவர் சிதம்பரத்துக்கு பஸ் ஏற வேண்டியிருந்தது. கூரை பறிகொடுத்த மீனவப் பெண் செல்லாயிக்கு நீலத் தார்ப்பாய் ஒன்றை நீட்டும் கை, அவருடைய கடலூர் சபையின் ஃபேஸ்புக் பக்கத்தில் ஏறியது. கீழே ஒரு வரி: 'பெயர் வேண்டாம். மகிமை கர்த்தருக்கே.' வேண்டாம் என்றால்தானே யார் யார் என்று நாலு பேர் கேட்பார்கள்!

கேட்டார்கள். சென்னையிலும் துபாயிலும் இருந்த சபைப் பிள்ளைகள் பதிலையும் அவர்களே சொல்லிக்கொண்டார்கள். 'கையில கட்டியிருக்கற வாட்ச்ச பாரு, பாடகர் குழு ஞானசேகரன் அங்கிள்தான்!'

ஞானசேகரன் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "எல்லாம் கர்த்தர் செயல்," என்று சிரித்துவைத்தார். என்ன தாழ்மை, என்ன தாழ்மை என்று சபையே உருகியது. தேவசகாயத்துக்கு வயிறு எரிந்தது.

மறுநாளும் பஸ். "முழங்கை வரைக்கும் தெரியட்டும்பா."

'ஐயோ, அங்கிளுக்குக் கை எப்படிக் கறுத்துப்போச்சு! வெயில்ல அலைஞ்சிருக்கார் பாவம்.'

மூன்றாம் நாள் தோள் வரை போட்டார். அங்கிள் இளைத்துவிட்டதாக துபாய் கவலைப்பட்டது.

"பேசாம முழு போட்டோவையும் போட்டுடலாமே சார்?" என்றான் அரவிந்தன்.

"அது மட்டும் வேணாம்!" என்று அலறினார் தேவசகாயம்.

இதற்குள், வருகிற ஞாயிறு ஆராதனையில் ஞானசேகரனுக்குப் பொன்னாடை என்று போதகர் சொல்லிவிட்டார். இனியும் பொறுக்க தேவசகாயம் என்ன யோபுவா? சனிக்கிழமை காலை, தன் ஸ்கூட்டரை மூடியிருந்த நீலத் தார்ப்பாயை உருவிப் போட்டுவிட்டு, போதகரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு நேரே மீனவர் குப்பத்துக்கு விட்டார்.

"எனக்குப் புகழ் வேணாங்க ஐயா. உண்மை ஜெயிக்கணும், அவ்ளோதான்," என்றார் வழியெல்லாம்.

செல்லாயி பிய்ந்த கூரைக்குக் கீழே உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"ஏம்மா, புயலுக்கப்புறம் உனக்குத் தார்ப்பாய் நீட்டுனது இவரா, வேற யாராவதா?" என்றார் போதகர்.

"இவுருதாங்க! எனக்கு நல்லா ஞாபகம் இருக்குது."

தேவசகாயத்தின் நெஞ்சு நிமிர்ந்தது. போதகர் கண் கலங்கி, அந்த வலது கையைப் பிடித்துக்கொண்டார்.

செல்லாயி ஸ்கூட்டரை எட்டி எட்டிப் பார்த்தாள். "'போட்டோவுல கண்ண மூடிட்டேன், நாளைக்கு வேற எடுத்துக்கலாம்'னு தார்ப்பாய சுருட்டி எடுத்துக்கினு போனாரே... இன்னிக்காவது கொண்டாந்திருக்காரா?"