சோற்றுப் பெட்டியோடு போன நாவல்

யோக்யகர்த்தா,
புதன்கிழமை, அஸர் தொழுகைக்குப் பின்.

அன்பு மைத்துனி பலுபிக்கு,

உன் அக்காவின் கணவனும், உன் ஒன்பது புத்தகங்களின் பதிப்பாளனும், இரண்டு வகையிலும் இப்போது உன்னிடம் திட்டு வாங்கிக்கொண்டிருப்பவனுமான ஹர்தோனோ எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அக்கா முர்னியும் பதிப்பகத்து ஊழியர்கள் ஏழு பேரும் கிடங்கில் இருக்கும் கரையானும் இறைவன் அருளால் சுகம். சுரபாயாவில் உன் உடல்நலம் அறிய ஆவல். உன் கோபத்தின் நலம் மட்டும் கொஞ்சம் குன்றியிருந்தால் சந்தோஷப்படுவேன்.

நீ அனுப்பிய கடிதம் திங்கட்கிழமை வந்தது. உன் புது நாவல் 'கிணற்றடி மோதிர'த்தையும், உன் பழைய புத்தகங்கள் ஒன்பதின் மின்புத்தக உரிமையையும் வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்குள் எழுதிக் கொடுத்துவிட வேண்டும், இனி போனில் விற்பதை நீயே பார்த்துக்கொள்வாய் என்று எழுதியிருக்கிறாய். மூன்று தடவை படித்தேன். மூன்றாவது தடவை படிக்கும்போது பூர்வோ எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தான். இருபத்திரண்டு வருஷமாக என்னிடம் எழுத்துக் கோத்து, பக்கம் போட்டு, பிழை திருத்துகிறவன், ஒரு நாளும் தண்ணீர் கொண்டுவந்தவனில்லை. உன் புத்தகங்கள் போனால் என்னிடம் மிஞ்சுவது கோழி வளர்ப்பு பற்றி இரண்டு நூல்கள், ஓய்வுபெற்ற சுங்க அதிகாரி ஒருவரின் கவிதைகள், அவ்வளவுதான். அவனுக்கும் அது தெரியும்.

பங்கு விஷயத்தில் என்மேல் தப்பு இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், பிறகு நீ அதையே பிடித்துக்கொண்டு தொங்கக்கூடாது. காகிதப் புத்தகத்தில் நூற்றுக்குப் பத்து உனக்கு என்று பதினாறு வருஷமாக நடந்துவருகிறது. மீதித் தொண்ணூற்றில் அச்சகம், காகிதம், லாரி, கடைக்காரர், விற்காமல் திரும்பிவரும் கட்டுகள், அந்தக் கட்டுகளைத் தின்னும் கரையான் எல்லாரும் சாப்பிட்டு மிச்சம் வைப்பதில்தான் நான் சாப்பிடுகிறேன். மின்புத்தகம் வந்ததும் நீ எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வைத்துக் கேட்டாய்: "மச்சான், இதுல காகிதம் இல்ல, லாரி இல்ல, திரும்பி வர்ற கட்டும் இல்ல. போன்ல விக்கிற கடைக்காரன் அவன் பங்கை எடுத்துக்கிறான், சரி. மீதியிலயும் எனக்கு அதே பத்துதான்னா, கரையான் பங்கையும் சேர்த்து நீங்கதானே தின்றீங்க?" முர்னி சிரித்துவிட்டாள். அவள் சிரித்ததால்தான் எனக்குக் கோபம் வந்தது. சொல்லப் போனால், உன் கேள்வி நியாயமானதுதான். பூர்வோவின் சம்பளம், அட்டை வரைகிறவரின் கூலி என்று என்னென்னவோ சொன்னேன். சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது. போன வருஷம் அந்தச் சுங்க அதிகாரியின் கவிதைகளை நான் அச்சடித்ததே உன் மின்புத்தகப் பணத்தில்தான். அவர் என் வகுப்புத் தோழர், மறுக்க முடியவில்லை. நீ கூட்டுறவுச் சங்க வேலையை விட்டுவிட்டு இந்த நாவலை மட்டும் நம்பி உட்கார்ந்திருந்த அதே வருஷம்.

அதனால்தான் இந்த நாவல் முதலில் மின்புத்தகமாக வரட்டும், மூன்று மாதம் கழித்து அச்சுக்குப் போகலாம் என்று நீ சொன்னபோது ஒத்துக்கொண்டேன். ஆனால் வெளியீட்டு விருந்து வைக்காமல் ஒரு புத்தகத்தை எப்படி வெளியே அனுப்புவது? நூற்றிருபது பேருக்குச் சொல்லி, மஞ்சள் சோற்றைக் கூம்பாக்கி, தட்டில் பட்டுத்துணி விரித்து, அதன்மேல் என் போனை வைத்ததை நீயும்தான் பார்த்தாய். பள்ளிவாசல் இமாம் பாக் வாகித் உட்கார்ந்ததும் தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "எதை வச்சு ஓதச் சொல்றே? புத்தகம் எங்க?" என்றார். "இந்தப் போன்லதான் இருக்கு பாக்" என்றேன். "போன்ல எல்லாம்தான் இருக்கு. போன வாரம் எங்க வீட்டு மாப்பிள்ளை போன்ல எதையோ பார்த்துட்டு என் மக மூணு நாளா சோறு ஆக்கல. நான் எதுக்குன்னு ஓதுறது, நீயே சொல்லு" என்றார். அட்டையைத் திறந்து காட்டிய பிறகு ஓதினார். நடுவில் திரை அணைந்துவிட்டது, நான் விரலால் தட்டினேன். மறுபடி அணைந்தது, மறுபடி தட்டினேன். மூன்றாம் தடவை கோழித்தீவனக்காரர் ஒருவர் அதே போனில் கூப்பிட்டார், சபையில் அழைப்புப் பாட்டு ஒலித்தது. நீ சோற்றின் உச்சியை வெட்டி வாங்கிக்கொண்டு, நாலு மணி ரயிலுக்கு நேரமாகிறதென்று கிளம்பிவிட்டாய். போகும்போது நீ சிரித்துக்கொண்டுதான் போனாய்.

நீ போன பிறகு நடந்ததைத்தான் நீ துரோகம் என்கிறாய். நடந்தது இதுதான். சாப்பிட்டாயிற்று, ஆளுக்கொரு பெட்டியில் சோறு, கோழி, முட்டை, வாழைப்பழம் கட்டிக் கையில் கொடுத்தாயிற்று, ஒருவரும் எழுந்திருக்கவில்லை. பதினாறு வருஷமாக என் வெளியீட்டு விருந்துப் பெட்டியில் சோற்றோடு புத்தகமும் இருக்கும், அதற்குத்தான் காத்திருந்தார்கள். எதிர்வீட்டு சாரினெம் ஹாஜியம்மா பெட்டியைக் கையில் தூக்கித் தூக்கிப் பார்த்துவிட்டு, "என்னப்பா தோனோ, இந்தத் தடவை கனமே இல்லையே. பதிப்பகம் நொடிச்சுப் போச்சுன்னு மார்க்கெட்ல பேசிக்கிட்டாங்க, நான்தான் நம்பல" என்றார்கள். நூற்றிருபது பேர் எதிரில். நீ என் இடத்தில் இருந்தால் என்ன செய்திருப்பாய்? அங்கேயே நின்றபடி எல்லாருடைய போன் நம்பரையும் வாங்கி, 'விருந்தினர்' என்று ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கி, போனில் இருந்த நாவலை அனுப்பிவிட்டேன். எல்லாரும் சந்தோஷமாக எழுந்து போனார்கள். அவர்கள் தங்கள் தங்கள் குழுவுக்கு அனுப்புவார்கள் என்று நான் யோசிக்கவில்லை. சோற்றுப் பெட்டியை வீட்டுக்குக் கொண்டுபோனால் எல்லாருக்கும் பகிர்ந்துதானே தின்போம், அதே மாதிரிதான் அவர்களும் செய்திருக்கிறார்கள். பூப்பந்துக் குழு, மீன்வளர்ப்புக் குழு, பெண்களின் ஓதல் குழு என்று மாலை மஃரிப் தொழுகைக்குள் ஊரே படிக்க ஆரம்பித்துவிட்டது.

உன் ரயில் சோலோ ஸ்டேஷனைத் தாண்டுவதற்குள் பக்கத்து இருக்கைப் பெண் உன் நாவலைப் படித்துக்கொண்டிருந்ததையும், "நல்லா இருக்குக்கா, அனுப்பட்டுமா? காசில்ல, சும்மாதான்" என்று உன்னிடமே கேட்டதையும் நீ எழுதியிருந்ததைப் படித்தபோது எனக்கு எங்காவது போய் ஒளிந்துகொள்ளலாம் போல இருந்தது. ஒளிய இடமும் இல்லை. மறுநாள் பல் டாக்டரிடம் போனேன். என் வாயைத் திறந்து வைத்துக் குறடை உள்ளே விட்டபடி, "உங்க மச்சினி நாவல் அபாரம் பாக், நேத்துதான் எங்க பூப்பந்துக் குழுவுல வந்துச்சு, எங்க அண்ணனுக்கும் அனுப்பிட்டேன்" என்கிறார். அன்றைக்கு மின்புத்தகக் கடையில் விற்றது பதினொன்று. அதில் நாலு நாங்களே வாங்கியது. அடுத்த இரண்டு நாளும் ஒன்றுகூட இல்லை.

இனிமேல்தான் நீ நிதானமாகப் படிக்க வேண்டும். ஐந்தாம் நாள் காலையில் பூர்வோ ஓடி வந்தான். நான் அனுப்பியது முழு நாவலே இல்லையாம். என் போனில் இருந்தது ஒரு மாதத்துக்கு முந்தைய திருத்தப் படியாம். நீ முடிவைக் கடைசி வாரத்தில்தானே கொடுத்தாய், அதனால் அது இருபத்தெட்டாம் அத்தியாயத்தோடு நின்றுவிடுகிறது. அரிசி ஆலைக்காரர் கிணற்றடியில் ரத்தக்கறையைக் கழுவுவதை எல்லாரும் பார்த்துவிடும் இடம். அதற்குமேல் மூன்று அத்தியாயம் இல்லை. ஊர்த்தலைவரைக் கொன்றது யார் என்று தெரியாமல் இந்த ஊரில் ஒருவருக்கும் தூக்கமில்லை. பாக் வாகித் வெள்ளிக்கிழமை குத்பா உரையில் ஒரு வரியை மறந்துவிட்டார் என்கிறார்கள். தெரியவேண்டுமானால் கடையில் வாங்கித்தான் ஆகவேண்டும், வாங்குகிறார்கள். ஐந்தாம் நாள் அறுபது, ஆறாம் நாள் நூற்றுப்பத்து, நேற்றுவரை மொத்தம் அறுநூற்று நாற்பது. என் வாழ்நாளில் எந்தப் புத்தகமும் பதினொரு நாளில் இப்படிப் போனதில்லை.

(அந்த ஆலைக்காரர் பற்றி ஒரு வார்த்தை. காதில் மச்சம், மச்சினி பணத்தில் வியாபாரம், பேச்சுக்குப் பேச்சு 'சொல்லப் போனால்'. யாரென்று எனக்குத் தெரியாதா? இருபத்தெட்டாம் அத்தியாயத்தோடு படியை மூடி வைத்துவிட்டு, மீதியை நீயே பார்த்துக்கொள் என்று பூர்வோவிடம் கொடுத்துவிட்டேன். என்னைக் கொலைகாரனாக்கிய முடிவை நான் எதற்குப் படிக்க வேண்டும்? உன்மேல் எனக்கும் வருத்தம் உண்டு. இருந்தாலும் பதிப்பித்தேன்.)

ஆகவே பலுபி, வெள்ளிக்கிழமை அவசரப்படாதே. கடைக்காரன் பங்கு போக மீதியில் பாதி உனக்கு, பழைய ஒன்பதுக்கும் சேர்த்து. எழுதிக் கையெழுத்துப் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். இந்த மூன்று அத்தியாயமும் கடையைத் தவிர வேறெங்கும் போகாது. அது என் பொறுப்பு. இதைக்கூடக் காப்பாற்ற முடியாத பதிப்பாளன் உனக்கு எதற்கு? உன் அக்கா இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை, சோறு மட்டும் போடுகிறாள். அதுவும் எத்தனை நாளைக்கு என்று தெரியவில்லை.

உன் பேனாவுக்கும் உன் பொறுமைக்கும் நீண்ட ஆயுள் வேண்டி துஆ செய்யும்,
மச்சான் ஹர்தோனோ.

பின்குறிப்பு, வியாழன் மதியம்: கூரியர்காரன் நேற்று வரவில்லை, அதனால் கடிதம் இன்னும் மேசைமேல்தான் இருக்கிறது. நேற்று இதை மடித்து உறையில் போட்டுக்கொண்டிருக்கும்போதே சாரினெம் ஹாஜியம்மா வந்துவிட்டார்கள். அன்றைக்குக் கொடுத்த சோற்றுப் பெட்டியைக் கழுவித் துடைத்துக் கையில் வைத்திருந்தார்கள். "இந்தா தோனோ, உன் பெட்டி. எனக்கு எழுபத்தோரு வயசு. எத்தனையோ வீட்டு விருந்துக்குப் போயிருக்கேன், அரைப் பெட்டி கட்டிக் குடுத்தவங்க யாருமில்ல. மீதி வேணும்னா காசு குடுத்து வாங்கிக்கணுமாமே, பூப்பந்து ஆளுங்க சொல்றாங்க. முதல்லயே சொல்லியிருந்தா நான் வந்திருக்கவே மாட்டேனே" என்றார்கள். தெருவில் நாலு பேர் நின்று பார்த்தார்கள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. பூர்வோவிடம் முழுப் படியை என் போனுக்கு அனுப்பச் சொன்னேன். முழு நாவலையும் 'விருந்தினர்' குழுவுக்கு அனுப்பிவிட்டேன். நூற்றிருபது பேருக்கும்.

இன்று காலையிலிருந்து கடையில் ஒன்றுகூட விற்கவில்லை. மேலே பாதி என்று எழுதியதை அடித்துவிட்டு, எல்லாம் உனக்கே என்று படித்துக்கொள். உரிமைப் பத்திரம் பத்துக்கும் கையெழுத்துப் போட்டு வைத்திருக்கிறேன், வெள்ளிக்கிழமை வரை காத்திருக்க வேண்டாம்.

அனுப்பிய பிறகுதான் அந்த மூன்று அத்தியாயத்தையும் படித்தேன். ஆலைக்காரர் கொலை செய்யவில்லை. மச்சினிமேல் பழி விழக்கூடாதென்று அவள் கையிலிருந்த கறையைத் தன் கையில் பூசிக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் ஊரைவிட்டுப் போகிறார். காதில் மச்சத்தோடு. நான் அழுதேன், பூர்வோ மறுபடி தண்ணீர் கொண்டுவந்தான். இதை நேற்றே படித்திருந்தால் அனுப்பியிருக்க மாட்டேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அது பொய்யாகும். நேற்று ஹாஜியம்மா கழுவின பெட்டியோடு வாசலில் நின்றுகொண்டிருந்தார்கள், பலுபி.