லிஃப்ட்டில் ஐந்து வாரம்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, தங்கள் வார இதழின் தொடர்கதை எழுத்தாளன் பணிவுடன் எழுதிக்கொள்வது:

நான் நலம். தாங்களும், உதவி ஆசிரியரும், என் ஒற்றெழுத்துகளை வாரம் தவறாமல் சரிசெய்யும் பிழைதிருத்துபவரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். மற்ற மரியாதைகளைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம், முதலில் சேதியைச் சொல்லிவிடுகிறேன். பன்னிரண்டாம் அத்தியாயம் வந்துவிட்டது ஐயா. தாளில், மையில், என் கையெழுத்தில் வந்துவிட்டது. இன்னும் ஐந்தே ஐந்து வரி பாக்கி. அதுவும் மனதில் தயாராக இருக்கிறது, இந்தக் கடிதத்தை முடித்த கையோடு இறக்கிவைத்து இதே உறையில் அனுப்புகிறேன். என் கையெழுத்து கொஞ்சம் ஆடுவதைப் பார்த்து வயதாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். சந்தோஷத்தில் ஆடுகிறது.

திங்கட்கிழமை வந்த தங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அடுத்த திங்கள் தபாலுக்குள் அத்தியாயம் வராவிட்டால், வாசகர்கள் செல்லமாகக் 'கத்தி' என்று கூப்பிடும் அந்த ஐந்தாம் பக்கத்துத் திகில் எழுத்தாளரிடம் என் தொடரைக் கொடுத்து முடித்துவைக்கப்போவதாக எழுதியிருந்தீர்கள். என் கதாநாயகி பெட்டிக்காரி, பதினோராம் அத்தியாயத்தின் கடைசி வரியில் கையில் பெட்டியோடு நான்காம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவில் நின்றுபோன லிஃப்ட்டில் இருக்கிறாள். கத்தி என்ன செய்வார் என்று உங்களுக்கும் தெரியும் எனக்கும் தெரியும். மூன்றாவது வரியில் லிஃப்ட்டின் கம்பியை அறுத்துவிட்டுத்தான் காப்பி குடிக்கவே போவார். பெற்ற பெண்ணைப்போல அவளைப் பதினோரு அத்தியாயம் வளர்த்திருக்கிறேன். அவளுக்கு ஒன்று ஆகிவிட்டால் அதற்கப்புறம் நான் பேனாவைத் தொடுவதாக இல்லை.

ஐந்து வாரமாக 'ஆசிரியரின் உடல்நலக் குறைவால் இந்த வாரம் தொடர் இடம்பெறவில்லை' என்று பெருந்தன்மையோடு போட்டீர்கள். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை. எழுத்துதான் வரவில்லை. ஏன் வரவில்லை என்பதைக் கண்டுபிடித்தவள் என் மனைவி. அதைச் சொல்ல வேண்டுமென்றால் நான் எங்கே உட்கார்ந்து எழுதுகிறவன் என்கிற ரகசியத்தை முதலில் உடைக்க வேண்டும்.

முப்பத்தொரு வருடம் லாரி எடைமேடையில் வேலை பார்த்தவன் நான் என்பது தங்களுக்குத் தெரியும். தங்களுக்கு எழுதிய நான்கு தொடர்களையும் அங்கேதான், வேலை நேரத்தில்தான் எழுதினேன் என்பது தெரியாது. லாரி வந்து மேடையில் ஏறும், எண் ஓடி நிற்கும், சீட்டு எழுதிக் கொடுப்பேன், லாரி இறங்கிப் போகும். அடுத்தது வர ஐந்து நிமிடம் ஆகும், பத்து நிமிடம் ஆகும். அந்த இடைவெளியில், பதிவேட்டுக்கு அடியில் ஒளித்துவைத்திருக்கும் வீணாய்ப்போன எடைச் சீட்டுகளின் பின்பக்கத்தில் எழுதுவேன். வீட்டுக்குக் கொண்டுபோனால் மனைவி அதையெல்லாம் வரிசைப்படுத்தி வெள்ளைத்தாளில் படியெடுப்பாள், அதுதான் உங்களுக்கு வரும். 'பத்தியை இவ்வளவு சின்னதாக, விறுவிறுப்பாக வெட்டுகிற வித்தையை எங்கே படித்தீர்கள்' என்று ஒருமுறை கேட்டீர்கள். நான் ஏதோ உலக இலக்கியம் என்று சமாளித்தேன். ஒரு லாரிக்கும் அடுத்த லாரிக்கும் நடுவில் எவ்வளவு எழுத முடியுமோ அவ்வளவுதான் ஐயா என் பத்தி. மேற்பார்வையாளர் வேறு ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு சத்தமே இல்லாமல் பின்னால் வந்து நிற்பார். "என்னய்யா எழுதுற?" என்பார். "சீட்டு சார்" என்பேன். அவர் தலை மறைந்ததும் படபடவென்று எழுதின வரிகளைத்தான் வாசகர்கள் மனப்பாடமாகத் தங்களுக்கு எழுதி அனுப்பினார்கள்.

ஐந்து வாரத்துக்கு முன்னால் எனக்குப் பணி ஓய்வு. வீட்டில் எல்லோருக்கும் ஒரே குஷி, இனி இவர் முழுநேர எழுத்தாளர் என்று. மகளும் மாப்பிள்ளையும் சேர்ந்து பின்னறையிலிருந்த பழைய சாமானையெல்லாம் அகற்றி, சுவருக்கு வெளிர்நீல வர்ணம் அடித்து, என் பழைய கட்டிலைவிட அகலமான மேஜை ஒன்றும் உட்கார்ந்தால் சுற்றுகிற நாற்காலி ஒன்றும் வாங்கிப்போட்டார்கள். மேஜைமேல் ஒரு கட்டு வெள்ளைத்தாள், அட்டைபோல் தடித்தது, முகம் பார்க்கலாம்போல வழவழப்பு. கதவில் ஒரு பலகை: 'எழுதிக்கொண்டிருக்கிறார், தட்டாதீர்கள்.' மாப்பிள்ளை அழைப்புமணியின் பேட்டரியைக் கழற்றித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "இனிமே ஒரு ஈ எறும்பு உங்களைத் தொந்தரவு பண்ணாது மாமா, ஆற அமர எழுதுங்க" என்றார். நான் உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்தேன். அது ஒரு சுற்று சுற்றி நின்றது. தாளைப் பார்த்தேன். தாள் என்னைப் பார்த்தது. சாயங்காலம்வரை இரண்டு பேரும் அப்படியே இருந்தோம்.

மறுநாளும் அதே கதைதான், அதாவது கதையே இல்லை. மாப்பிள்ளை கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவர், போனில் எதையெதையோ படித்துவிட்டு வந்து, மனதில் தோன்றுவதை நிறுத்தாமல் எழுதுங்கள், தானாக வரும் என்றார். எழுதினேன். 'ஜன்னல். ஜன்னலுக்குக் கொக்கி இல்லை. கொக்கி வாங்க வேண்டும்' என்று வந்தது. நடந்தால் வரும் என்றார். நடந்தேன், கொக்கி வாங்கிக்கொண்டு வந்தேன். தாளைத் திருப்பிப்போட்டுப் பார்த்தேன், அந்தப் பக்கமும் வெள்ளையாகத்தான் இருந்தது. வெளியே என் மனைவி மூச்சைப் பிடித்துக்கொண்டு கதவில் காதை வைத்திருப்பது நிழலில் தெரிகிறது. பாவம், ஏமாற வேண்டாமே என்று பேனாவைச் சரசரவென்று ஓட்டினேன். ஐயா, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், என் கையெழுத்தை இருநூற்றுப் பதினான்கு தடவை போட்டேன். அவள் பூரித்துப்போய்த் தெருவெல்லாம் சொல்லிவிட்டாள். சாயங்காலம் படியெடுக்கலாம் என்று ஆசையோடு வந்து தாளைக் கையில் எடுத்தவள், முதல் பக்கம் பார்த்தாள், இரண்டாம் பக்கம் பார்த்தாள், பிறகு என் நெற்றியில் கைவைத்துப் பார்த்தாள்.

தங்கள் அறிவிப்பு வேறு வேலையைக் காட்டிற்று. உடல்நலக் குறைவு என்று அச்சில் வந்ததும் ஆப்பிளும் ஆரஞ்சுமாக ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். மணி அடிக்காததால் கதவு திறக்க நேரமாகி, உள்ளே நிலைமை ரொம்ப மோசம்போல என்று வாசலிலேயே இரண்டு பேர் கண்கலங்கியிருக்கிறார்கள். நான் போர்வையைப் போர்த்திக்கொண்டு இருமினேன். எதிர்வீட்டுத் தையல்காரர் மட்டும் என் உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கட்டிலோரம் உட்கார்ந்து, "சார், அந்தப் பொண்ணு உள்ள போயி அஞ்சு வாரம் ஆச்சு. குடிக்கத் தண்ணியாவது வெச்சிருக்காளா? பெட்டிக்குள்ள என்னதான் சார் இருக்கு?" என்றார். "தெரியலப்பா" என்றேன். எழுதுகிறவனுக்கே தெரியவில்லை என்றால் இதைவிடக் கேவலம் என்ன இருக்கிறது, சொல்லுங்கள்.

இந்த நிலைமையில்தான் தங்கள் கடிதம். செவ்வாய்க்கிழமை காலையில் வீட்டில் ஒருவருக்கும் சொல்லாமல் எடைமேடைக்கே போய்விட்டேன். என் நாற்காலியில் ஒரு சின்னப் பெண் உட்கார்ந்து திரையைத் தட்டிக்கொண்டிருந்தது. "அம்மாடி, ஒரு ஓரமா ஸ்டூல்ல உட்காந்துக்கறேன், ரெண்டு பழைய சீட்டு மட்டும் குடு" என்றேன். "சீட்டே இல்லையே சார், இப்ப எல்லாம் டிரைவரோட போனுக்கே போயிடுது" என்றது. சரி, சொந்தத் துண்டுத்தாளில் எழுதிக்கொள்கிறேன் என்று குந்தினேன். அதற்குள் மேற்பார்வையாளர் வந்துவிட்டார், அதே ரப்பர் செருப்பு. இதோ 'என்னய்யா எழுதுற' என்று கேட்கப்போகிறார், இதோ வரப்போகிறது என்று பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டேன். அந்த மனுஷர் கையெடுத்துக் கும்பிட்டார். "எவ்வளவு பெரிய எழுத்தாளர், இங்க தூசியில உட்காரலாமா? என் ரூம்ல ஏசி இருக்கு, வாங்க சார்" என்று கையைப் பிடித்து அழைத்துப்போய்த் தன் நாற்காலியில் உட்காரவைத்து, டீ வரவழைத்து, கதவைச் சாத்திவிட்டுப் போனார். அங்கேயும் ஒரு கட்டு வெள்ளைத்தாள் இருந்தது. டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

புதன்கிழமைதான் ஐயா நடந்தது, அதை நினைத்தால் இப்போதும் உடம்பு சிலிர்க்கிறது. இவள் அவசரமாகக் கடைக்குக் கிளம்பினாள். அடுப்பில் குக்கர். "என்னங்க, மூணு விசில் வந்ததும் அணைச்சிடுங்க. எண்ணிக்கிட்டே இருங்க. வேற எந்த வேலையும் பார்க்கக் கூடாது, சொல்லிட்டேன்" என்று விரலை ஆட்டிவிட்டுப் போனாள். அந்த 'பார்க்கக் கூடாது' காதில் விழுந்ததும் எனக்கு விரல் நுனியெல்லாம் குறுகுறுத்தது. முதல் விசில் வந்தது. எதிரே துணி துவைக்கும் இயந்திரத்தின் உத்தரவாதச் சீட்டு ஆணியில் தொங்கியது, பின்பக்கம் காலி. எழுதத் தொடங்கினேன். இரண்டாவது விசிலுக்குள் ஒரு பத்தி முடிந்தது, கச்சிதமாக ஒரு லாரி அளவு. லிஃப்ட்டில் விளக்கு எரிந்தது. பெட்டிக்காரி உட்கார்ந்தாள். பெட்டியின் பூட்டில் கைவைத்தாள். அதற்குப்பின் எத்தனை விசில் வந்தது என்று எனக்குத் தெரியாது, தையல்காரர் பதினொன்று என்கிறார். இவள் திரும்பி வந்தபோது சமையலறையே புகை. "மூணு எண்ணத் தெரியாதா உங்களுக்கு? முப்பத்தொரு வருஷம் டன் கணக்குல எடை போட்டீங்களே, எப்படிப் போட்டீங்க?" என்று பிடித்துக்கொண்டாள். அவள் திட்டத் திட்ட நான் எழுதிக்கொண்டே இருந்தேன். இவள் மூச்சு வாங்க நிறுத்தினால் என் பேனாவும் நிற்கிறது. மறுபடி தொடங்கினால் ஓடுகிறது. அவள் அதைக் கவனித்துவிட்டாள். சீட்டை வாங்கிப் படித்தாள். கரிந்த குக்கரைப் பார்த்தாள், நீலச்சுவர் அறையைப் பார்த்தாள், "ஓகோ, அப்படியா சேதி" என்றாள்.

அன்று மாலையே அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். பலகையை இறக்கி, அதன் பின்பக்கத்தில் 'இந்த வீட்டில் எழுதக் கூடாது' என்று எழுதி மாட்டினாள். மாப்பிள்ளை பேட்டரியைத் திரும்பப் போட்டுவிட்டுப் போகும்போதும் வரும்போதும் மணியை அடிக்கிறார். மறுநாள் காலையில் என்னைக் குழாயடியில் நிறுத்தி வாளி நிறைவதைப் பார்க்கச் சொன்னாள், அங்கே இரண்டு பத்தி. மின்கட்டண வரிசையில் நிறுத்தினாள், அங்கே ஐந்து. பூனைபோல வந்து "என்ன அங்க எழுதறீங்க?" என்கிறாள். "ஒண்ணுமில்லம்மா" என்கிறேன். போய்விடுகிறாள், போகும்போது சிரிப்பை அடக்குகிறாள் என்று தோள் குலுங்குவதிலேயே தெரிகிறது. முப்பத்தொரு வருடம் சீட்டுகளைப் படியெடுத்தவளுக்கு என்னை எனக்கு முன்னால் தெரிந்திருக்கிறது. அவள்மேல் எனக்கு உண்டான பிரியத்தைச் சொல்ல இந்த வயதில் கூச்சமாக இருக்கிறது, இருந்தாலும் சொல்லிவைக்கிறேன்.

இப்போதும் மொட்டைமாடியில் துணி காவலுக்குத்தான் உட்கார்ந்திருக்கிறேன். மேகம் திரண்டிருக்கிறது. ஒரு சொட்டு விழுந்தாலும் பதினாறு உருப்படியையும் எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் தொலைத்துவிடுவேன் என்று உத்தரவு. பெட்டிக்குள் என்ன இருந்தது என்பதை இத்துடன் உள்ள பக்கங்களில் பாருங்கள், கட்டாயம் அசந்துபோவீர்கள். லிஃப்ட்டின் கதவு மெல்லத் திறக்கிறது, வெளியே ஒருவர் நின்று அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். யார் அது என்பதுதான் அந்த ஐந்து வரி. கத்தி அவர்களுக்கு என் அன்பான விசாரிப்பு, அவர் தன் ஐந்தாம் பக்கத்திலேயே நீடூழி வாழட்டும். தங்கள் இல்லத்தில் பெரியவர்களுக்கு வணக்கமும் குழந்தைகளுக்கு ஆசியும் சொல்லவும். இதழ் மேலும் மேலும் விற்கட்டும்.

என்றும் தங்கள்,
எழுதத் தடைவிதிக்கப்பட்ட எழுத்தாளன்

பின்குறிப்பு: மேலே கையெழுத்துப் போட்டுப் பேனா மூடியைத் திருகுவதற்குள் இவள் தன் போனைக் கொண்டுவந்து நீட்டினாள். தாங்கள்தான். "உடம்பப் பாத்துக்கங்க சார். அன்னைக்கு ஏதோ கோபத்துல எழுதிட்டேன், மன்னிச்சிடுங்க. கெடு எல்லாம் ஒண்ணும் கிடையாது. ரெண்டு மாசம் ஆகட்டும், மூணு மாசம் ஆகட்டும், உங்க கதைய வேற யாரும் தொட மாட்டாங்க. நிம்மதியா எழுதுங்க" என்றீர்கள். "ஐயா, ஐயா" என்று அலறினேன். அதை நன்றி என்று எடுத்துக்கொண்டு வைத்துவிட்டீர்கள். ஐந்து வரியும் போய்விட்டது ஐயா. வெளியே நின்றவர் யார் என்று தாங்கள் கூப்பிடும்வரை எனக்குத் தெரியும், இப்போது தெரியவில்லை. மழையும் வந்துவிட்டது, பதினாறு உருப்படியும் நனைந்துவிட்டது. ஆசிரியரே இவ்வளவு தங்கமாகப் பேசின பிறகு இவளுக்கும் திட்ட மனசு வரவில்லை, "விடுங்க, துணிதானே" என்கிறாள். ஆகவே இது கிடைத்த நிமிடமே மன்னித்ததை வாபஸ் வாங்கி, போன் போட்டுத் திட்டும்படி கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். வார்த்தை போதாவிட்டால் என் மனைவி எடுத்துக்கொடுப்பாள். கத்தியை வாசலிலேயே உட்காரவைத்திருங்கள். இங்கே பெட்டிக்காரி திறந்த கதவைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள், வெளியே வந்துவிடலாம், கூப்பிடத்தான் ஆள் இல்லை.