சோலாருக்குப் போர்த்திய பொன்னாடை

ஒரு காட்டில் எல்லாம் இருந்தது, தண்ணீர் மட்டும் இல்லை. மாசியில் ஓடை வற்றிவிடும், பங்குனியில் சேறும் காய்ந்துவிடும். சித்திரையில் மிருகங்கள் தாகம் தாங்காமல் கீழே ஊர் வாழைத்தோப்புக்கு இறங்கும். அங்கே நாய்கள் காத்திருக்கும். செம்பி என்கிற பெண் கடமான், போன வருஷத்துக் கன்றை அந்த நாய்களுக்குத்தான் பறிகொடுத்திருந்தாள்.

இந்த வருஷம் வனத்துறைக்கு இரக்கம் வந்தது. ஆழ்குழாய்க் கிணறு தோண்டி, மோட்டார் இறக்கி, அதை ஓட்டுவதற்குக் கம்பிக்கால்களில் கருநீலச் சோலார் பலகைகளைச் சாய்த்து நிறுத்தினார்கள். வெயில் அடித்தால் மோட்டார் ஓடும், சிமெண்டுத் தொட்டி நிரம்பும். அந்தக் காட்டில் வெயிலுக்கு என்றைக்கும் பஞ்சம் கிடையாது.

திறப்பு விழாவை மிருகங்கள் புதருக்குள்ளிருந்து பார்த்தன. பெரிய அதிகாரி சின்ன அதிகாரிக்குப் பொன்னாடை போர்த்தினார். சின்னவர் பெரியவருக்குப் போர்த்தினார். குழி தோண்டிய ஆளைத் தவிர எல்லோருக்கும் ஒன்று கிடைத்தது. மிச்சம் கிடந்த பொன்னாடைப் பையைக் குரங்கு சுருட்டிக்கொண்டு வந்தது.

தொட்டி நிரம்பியது. செம்பி வயிறு முட்டக் குடித்தாள். மடியில் பால் ஊறியது. புதிதாய்ப் பிறந்த கன்று தள்ளாடாமல் நடந்தது. அதோடு விட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை.

யானைத் தலைவர் நன்றி அறிவிப்புக் கூட்டம் போட்டார். "நம்ம தாகத்தைத் தீர்த்த சோலார் ஐயா அங்க வெயில்ல காயறாரு. இந்தக் காடு அவருக்கு ஒரு மரியாதை செய்ய வேணாமா?" என்றார். மயில் சுருக்கமாக இரண்டு வார்த்தை பேசுவதாகச் சொல்லி வெகுநேரம் பேசியது. பிறகு தலைவர், சரிகை பளபளக்கும் பொன்னாடை ஒன்றைத் தும்பிக்கையால் எடுத்துப் பலகைகள் மேல் போர்த்தினார். கைதட்டல் அடங்குவதற்குள் குழாயில் தண்ணீர் மெலிந்தது. பிறகு நின்றேபோனது.

"கோவிச்சுக்கிட்டாரு," என்றது தலைவரின் செயலாளரான குரங்கு. "தலைவர் மட்டும் போர்த்தினா பத்துமா? பன்றிங்க சார்பா ஒண்ணு, மயிலுங்க சார்பா ஒண்ணு போடணும்ல?"

போட்டார்கள். சோலார் ஐயாவின் கோபம் தணியவில்லை. தொட்டியில் பாசி தெரிந்தது.

ஒரு நண்பகலில் செம்பி தொட்டியின் அடியை நக்கிக்கொண்டிருந்தாள். காற்றடித்துப் பொன்னாடைகள் சரிந்தன. குழாய் இருமிக்கொண்டு ஒரு வாய் தண்ணீர் கக்கியது. உடனே குரங்கு பாய்ந்து வந்து துணிகளை இழுத்துப் போர்த்தி, நுனிகளைக் கொடியால் இறுகக் கட்டியது. தண்ணீர் நின்றது. "நல்லவேளை, தலைவர் பார்க்கலை," என்று வியர்வையைத் துடைத்துக்கொண்டது.

செம்பி நேரே தலைவரிடம் ஓடினாள். "தலைவரே, அந்தத் துணியை எடுத்தாத் தண்ணி வருமுங்க. நானே கண்ணால பார்த்தேன்."

தலைவரின் காதுகள் ஆடுவதை நிறுத்தின. "நான் போர்த்தினதை உருவச் சொல்றியா?"

"ஐயோ, அப்படி இல்லீங்க..."

"இவளை யாரோ தூண்டிவிட்டிருக்காங்க," என்றது காட்டுப்பன்றி. எல்லோரும் அவளை விட்டு ஓரடி விலகி நின்றார்கள்.

திரும்பி வந்தவளின் மடியைக் கன்று முட்டி முட்டிப் பார்த்தது. ஒரு சொட்டு வரவில்லை. இனி இருப்பது வாழைத்தோப்பு ஒன்றுதான். அங்கே அதே நாய்கள் இருந்தன. இன்னொரு கன்றைக் கொடுக்க அவளால் முடியாது. அதற்குப் பதில் உண்மையை விட்டுக்கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்தாள்.

மறுநாள் தலைகுனிந்து போய் நின்றாள். "தலைவரே, நேத்து நான் பேசினது தப்புங்க. சோலார் ஐயாகிட்டயே போய்க் கேட்டேன். அவருக்கு ஒரு மனவருத்தமாம்."

"என்ன வருத்தம்?"

"தலைவர் தோளு வெறுமையா இருக்கறப்ப எனக்கு எதுக்குப் பொன்னாடைன்னு தொண்டை அடைச்சுப்போச்சாம். அதான் தண்ணி எறங்கலையாம்."

தலைவர் கண் கலங்கிவிட்டார். "அவ்வளவு பெரிய மனசா அவருக்கு? எனக்கு இந்த ஆடம்பரமெல்லாம் பிடிக்காது..." என்று சொல்லிக்கொண்டே கழுத்தை வசதியாகத் தாழ்த்தினார்.

குரங்கு கொடிகளை அவிழ்த்தது. தலைவருக்கு அவருடைய பொன்னாடை வந்தது. பன்றிகள் சார்பானதும் மயில்கள் சார்பானதும் அதன் மேல் ஏறின. கடைசித் துணி விலகியதும் குழாய் இருமியது, சீறியது, கொட்டியது.

"தலைவர் வாழ்க!" என்றது காடு. செம்பிக்கு அதெல்லாம் காதில் விழவில்லை. அவள் குடித்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த நாளிலிருந்து தலைவர், வருவோர் நன்றி சொல்ல வசதியாக, பலகைகளுக்கு நேர் முன்னால் வந்து நின்றார். மலை போன்ற நிழல் பலகைகள் மேல் விழுந்தது. குழாய் மறுபடி மெலிந்தது. செம்பி பெருமூச்சு விட்டாள். இப்போது அவளுக்குப் பழகிவிட்டது.

"தலைவரே, மரத்துல வனத்துறை கேமரா கட்டியிருக்காங்க பாருங்க. பலகைக்குப் பின்பக்கம் நின்னீங்கன்னா பொன்னாடைச் சரிகைகூடத் தெளிவா விழும்."

தலைவர் பின்பக்கம் போனார். மழை வரும்வரை நகரவில்லை.

நீதி: போர்த்திய பொன்னாடையை உருவினால் அவமரியாதை, அதையே போர்த்தியவர் தோளுக்கு மாற்றினால் பாராட்டு விழா. தண்ணீருக்கு இரண்டும் ஒன்றுதான்.