பில்லைக்காரரும் என் நாயும்

கோலார் தங்கவயலில் மின்சார விளக்கு வந்த புதிதில், விலாசம் இல்லாமல் ஒரு கோழிகூடத் தெருவில் இறங்க முடியாது. அதற்கு ஒரே காரணம் எங்கள் பில்லைக்காரர்.

சுரங்கத்துக் கொல்லுப்பட்டறையில் அவருக்கு வேலை. சொந்தப் பெயர் என்னவென்று டைம் ஆபீஸ் குமாஸ்தாவான எனக்கே நினைவில்லை. எனக்கு அவர் 412. அப்போது ஒவ்வொரு தொழிலாளிக்கும் எண் பொறித்த பித்தளைப் பில்லை உண்டு. காலையில் அதை என் ஜன்னலில் காட்டினால்தான் கேட்டுக்குள் விடுவோம்.

"மனுசனுக்கே பில்லை வேணும்னா, வாயில்லா ஜீவனுக்கு வேணாமா சார்?" என்பார். உடைந்த பித்தளையைத் தட்டி, எழுத்து வெட்டி, ஸ்கெலட்டன் லைன் என்ற எங்கள் தொழிலாளர் குடியிருப்பு வீடுகளில் வளரும் பிராணிகளின் கழுத்தில் எல்லாம் கட்டிக்கொண்டே போனார். சுருக்கமாக எழுத மட்டும் அவருக்கு வராது.

ஒரு நாயின் பில்லையில், "இது கடிக்காது. ஆனாலும் சொல்ல முடியாது" என்று இருந்தது. பாதிரியார் வீட்டுப் பூனைக்கு, "பால் ஊற்ற வேண்டாம், வீட்டில் குடித்துவிட்டுத்தான் வந்தேன்." ஒரு கோழிக்குச் சொந்தக்காரர் பெயர், அவர் தகப்பனார் பெயர், லைன் எண், பூர்வீகக் கிராமம் வரை எழுதியதில், பாரம் தாங்காமல் அது நாள் முழுக்கத் தரையைப் பார்த்தபடியே நின்றது.

என் வீட்டில் கருப்பன் என்று ஒரு நாய். அது சாப்பிட்ட பிறகுதான் என் மனைவி தட்டில் கை வைப்பாள்.

"அவுருகிட்ட ஒண்ணு வாங்கியாங்க," என்பாள்.

"என் நாயைத் தெரியாதவன் இந்த லைன்ல எவன் கீறான்?" என்பேன். அந்தக் கிறுக்கரிடம் போய் நிற்க என் குமாஸ்தா கௌரவம் இடம் தரவில்லை.

அந்தச் சமயத்தில் வெறிநாய் ஒன்று ஒரு துரையின் காலைக் கவ்விவிட்டது. பில்லை இல்லாத நாய்களைத் திங்கட்கிழமை முதல் சுட்டுவிடுவார்கள் என்று தண்டோரா போட்டார்கள். ஊரே பில்லைக்காரர் வாசலில் நின்றது. ஒருவர் எதற்கும் இருக்கட்டும் என்று ஆட்டையும் ஓட்டி வந்தார். நான் மட்டும் கருப்பனைக் கயிற்றில் கட்டிப்போட்டேன்.

திங்கட்கிழமை காலை ஷிஃப்டுக்கு நான் ஆஜர் போட்டுக்கொண்டிருந்தபோது மனைவி ஓடிவந்தாள். "இன்னாங்க, கருப்பன் கயித்தக் கடிச்சிக்கினு ஓடிச்சி! சிப்பாய் புடிச்சிக்கினு பூட்டான்!"

ஜன்னலில் பில்லையை நீட்டியபடி நின்றிருந்தார் 412. அடுத்த நொடி பில்லையும் இல்லை, ஆளும் இல்லை. நானும் பின்னால் ஓடினேன்.

தண்ணீர்த் தொட்டியருகே துப்பாக்கியோடு சிப்பாய், கம்பத்தில் கருப்பன். பில்லைக்காரர் பாய்ந்து அதைக் கட்டிப்பிடித்தார். கழுத்தில் மிச்சமிருந்த கயிற்றில் தம் சொந்தப் பில்லையைக் கோத்துவிட்டு எழுந்தார்.

"பாருங்க சிப்பாயி, பில்லை கீது!"

"இது ஆள் பில்லையாச்சே?"

"ஆர்டர்ல பில்லைன்னுதானே கீது? ஆள் பில்லையா, நாய் பில்லையான்னு கீதா?"

சிப்பாய் யோசித்தான். கடைசியில் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டான். ஆனால் அவன் கடமை தவறாதவன். சுரங்கத்துப் பில்லை சுரங்கத்துக்கே போக வேண்டும் என்று கருப்பனை நேரே கேட்டுக்கு இழுத்துப் போய், "412 வந்தாச்சு!" என்று கத்தினான். கேட் காவலாளி சட்டம் தெரிந்தவர். நாயை உள்ளே விட்டார். பில்லை இல்லாத பில்லைக்காரரை வெளியே நிறுத்தினார்.

நான் ஜன்னலுக்குத் திரும்பி, "ஆஜர் யாருக்குப் போடட்டும்?" என்றேன்.

"அதுக்கே போட்டுடுங்க சார். நான் வூட்டுக்குப் போயி அதுக்கு நல்லதா ஒண்ணு அடிக்கிறேன்."

போட்டேன். கருப்பன் அன்று பட்டறையில் முழு ஷிஃப்ட் பார்த்தது. மேஸ்திரி குறை எதுவும் சொல்லவில்லை.

சாயங்காலம் பில்லைக்காரர் புதுப் பில்லையோடு வந்தார். அதில் எழுதியிருந்தது: "கருப்பன். நல்ல நாய். இதை அழைத்து வருபவருக்குக் குமாஸ்தா வீட்டில் காபி உண்டு." அதைக் கட்டிவிட்டு, கையிலிருந்த அளவு நூலோடு என்னையே பார்த்தார்.

"உங்களுக்கும் ஒண்ணு அடிச்சிடட்டா சார்? எங்கனா தொலைஞ்சி பூட்டீங்கன்னா எங்களுக்குக் கஷ்டம்."

நான் கழுத்தை நீட்டினேன்.