என் கழுத்து மருவும் அடையாளம் அண்ணையும்

திருகோணமலையில் முகத்தைப் பார்க்காமலே ஆளை அடையாளம் கண்ட ஒரே காவலாளி எங்கள் அடையாளம் அண்ணைதான். உட்துறைமுகப் பக்கம் நாங்கள் வேலை செய்த களஞ்சியத்தின் கேற்றடியில் கதிரை போட்டு இருந்தவர். சொந்தப் பெயர் அவருக்கே மறந்துபோயிருக்கும்.

வயது போகப் போகக் கழுத்திலும் கண்ணடியிலும் மிளகு மிளகாக முளைக்குமே மருவும் பாலுண்ணியும், ஒரு கெடுதலும் செய்யாத சாமான், அதுதான் அவருக்கு ஆளின் விலாசம். வேலை அட்டையை நீட்டினால் திரும்பியும் பார்க்கமாட்டார். மீசை வரும் போகும், தலைக்கு டை அடிக்கலாம், மரு மட்டும் பொய் சொல்லாது என்பது அவருடைய சட்டம். கொப்பியில் எங்கள் பெயர்களுக்குப் பக்கத்தில் "இடது கண்ணடி, மூன்று", "பிடரி ஒன்று, பெரிது" என்று எழுதி வைத்திருந்தார். எனக்கு "வலது கழுத்து ஒன்று, ஆடும்."

இளந்தாரிகளோடுதான் அவருக்குப் பெரிய கரைச்சல். வழுவழு என்ற கழுத்தோடு வந்து நின்றால் எதை நம்பி உள்ளே விடுவது? புதிதாகச் சேர்ந்த பொறியியலாளரிடம் தினமும் பேரும் ஊரும் கேட்டார். அந்தப் பிள்ளை எரிச்சல்பட, ஐம்பது கழிய வாங்கோ, பிறகு கேட்கமாட்டேன் என்று சமாதானம் சொன்னார்.

கந்தளாயிலிருந்து அரிசி கொண்டுவரும் லொறிச் சாரதி ஒருநாள், மரு விழட்டும் என்று அதைத் தலைமயிரால் சுற்றிக் கட்டிக்கொண்டு வந்தார். அண்ணை கேற்றைப் பாதியில் நிறுத்திவிட்டார். மரு இருக்கிறதா போகிறதா என்று தெரியாத ஆளைத் தன்னால் பதிய ஏலாதாம். மயிரை அவிழ்த்த பிறகுதான் லொறி உள்ளே போனது.

என்னில் அவருக்குத் தனிப் பட்சம். பத்து நிமிடம் பிந்தி வந்தாலும் எனக்கு எட்டு மணி என்றே எழுதுவார். தன் சுடுதண்ணிப் போத்தலில் இருந்து முதல் தேத்தண்ணி எனக்கு ஊற்றி, கதிரையை இழுத்துப் போட்டு, "இரு தம்பி" என்பார். வீட்டில்கூட எனக்கு அந்த மரியாதை இல்லை.

அதை நானே கெடுத்துக்கொண்டேன். மகளின் கலியாணப் படத்தில் மரு தெரியக்கூடாது என்று மனைவி ஒரே பிடி. டொக்டர் இரண்டு நிமிடத்தில் சுட்டு எடுத்துவிட்டார். கலியாணம் முடிந்து திங்கட்கிழமை வேலைக்குப் போனேன். அண்ணை வலது கழுத்தைப் பார்த்தார். சந்தேகத்துக்கு இடதையும் பார்த்தார்.

"ஐயா ஆர்? ஆரிட்டை வந்தனீங்கள்?"

பகிடி என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. மேலாளர் வந்து சொன்ன பிறகு புதுப் பக்கத்தில் என் பெயரை எழுதி, அடையாளம் "இல்லை" என்று போட்டார். அன்றிலிருந்து நான் ஐயா. தேத்தண்ணி இல்லை, கதிரை இல்லை. எட்டுப் பத்துக்கு வந்தால் எட்டுப் பத்து.

அதையும் பொறுத்திருப்பேன். ஒருநாள் மழைக்குக் கேற்றடியில் ஒதுங்கியபோது என்னிடமே என்னைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினார்.

"உங்கடை மேசையில முந்தி ஒரு தம்பி இருந்தவர், ஐயா. தங்கமான பிள்ளை. ஒரு சொல்லுச் சொல்லாமல் போயிட்டார்."

அது நான்தானண்ணை என்று சத்தியம் பண்ணினேன். ஓம், அவருக்கும் உங்கள் பேர்தான் என்று பெருமூச்சு விட்டார். எனக்கு என்மேலேயே பொறாமை வந்துவிட்டது. கொஞ்சம் அழுகையும் வந்தது, ஏன் ஒளிக்கவேணும்?

அடுத்த வருடம் சவரம் செய்யும்போது விரலில் தட்டுப்பட்டது. அதே வலது கழுத்து, கடுகளவு. மனைவி கையோடு டொக்டரிடம் இழுத்துப் போனார். வயது போனால் வருகிறதுதான், பயமில்லை, சுடுவமா என்று டொக்டர் கேட்டார். வேண்டாம், இதைப் பார்க்க ஒரு ஆள் இருக்கு என்றேன். மனைவி இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை.

ஆனால் அண்ணை ஓய்வுபெற மூன்று மாதம்தான் இருந்தது. மருவோ தன் பாட்டில் ஆறுதலாக, மெல்ல மெல்ல வளர்ந்தது. அரைகுறையாகக் காட்டி இன்னொரு புதுப் பக்கம் வாங்கிவிடுவேனோ என்ற பயத்தில் சேட்டுக் கொலரை ஏற்றி மறைத்தபடி திரிந்தேன். கடைசிக் கிழமை, வருவது வரட்டும் என்று கொலரை மடித்துவிட்டுக் கேற்றடியில் போய் நின்றேன்.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். விரலால் ஒருதரம் தட்டினார். அது ஆடியது. எழும்பித் தன் கதிரையை என் பக்கம் இழுத்துப் போட்டார்.

"எங்கையடா தம்பி போயிருந்தனீ, இவ்வளவு நாளும்? இரு, தேத்தண்ணி ஆறுது."