தலையணைச் சான்றும் எறும்பெழுத்துப் போரும்

வாழ்க, துயில் துறந்த தூயாள்! வாழ்க, கொட்டாவி விடுங்காலும் கடமை விடாத கண்பரிசோதகி! மூக்குக்கண்ணாடிக் கடையின் இருட்டறையில், பேரெழுத்தில் தொடங்கிச் சிற்றெழுத்தில் தேய்ந்து முடியும் அட்டையின் அருகே கோலேந்தி நின்று, "இது தெரியுதா? இது?" என்று வினவி, மங்கிய விழிகளுக்கெல்லாம் ஒளி வழங்கும் அவ்வள்ளலின் விழிகளே சிவந்து, வீங்கி, இமை கனத்துக் கிடந்த கதையைக் கூறப் புகுகின்றேன். நித்திரா தேவியே! அவளைக் கைவிட்ட நீ, இக்கதை முடியும் வரையிலேனும் என் வாசகர் பக்கமும் வாராதிருப்பாயாக!

அவள் துயருக்குக் காரணன் அவள் கணவன். மென்மொழியன், பிறர் மனம் நோகப் பேசாதவன், பகலெல்லாம் பசுவைப் போல் சாது. ஆயினும் தலை சாய்ந்த மறுகணமே அவன் நாசியினின்று எழும் பேரொலியோ, மரம் அறுப்போர் பலர் ஒருங்கே ரம்பம் இழுத்தாற்போல் உயர்ந்து, சற்றே நின்று, 'அப்பாடா, ஓய்ந்தது' என்று நம்பவைத்து, முன்னினும் உக்கிரமாக மீண்டெழுந்து, சன்னல் கதவுகளின் உறுதியைச் சோதிக்கும் தன்மையது.

அந்நாளில் அவளுடைய தம்பி, மெத்தை தலையணை விற்கும் வணிகச் செம்மல், 'குறட்டை நீக்கி' என்னும் தலையணையை உலகிற்கு ஈந்தான். நடுவில் ஒரு பள்ளம். அதுவே அதன் வித்தை முழுதும். அக்காள் வீட்டிற்கும் ஒன்றை இனாமாக ஈந்தவன், சில நாள் கழித்து வந்து, "எப்படி இருக்கு மாமா?" என்று வினவினான்.

"குறட்டையா? எனக்குக் கேக்கவே இல்லையேப்பா!" என்றான், நெஞ்சறிந்து பொய்யுரைக்காத அந்த நல்லோன்.

தூங்குகின்றவன் தன் குறட்டையைத் தானே கேட்டதாக உலகில் எங்கும் செய்தியில்லை. இதனை எண்ணிப் பாராத தம்பி, அல்லது எண்ணிப் பார்த்தே உள்ளூர மகிழ்ந்த தம்பி, அடுத்த வாரமே தன் கடைக் கண்ணாடியில் ஆளுயரப் படம் ஒட்டினான். அதில் மாமன் மீசை முறுக்கி நகைத்து நின்றான். மீசைக்குக் கீழே, 'என் குறட்டை நின்றது! என் மனைவி நிம்மதியாகத் தூங்குகிறாள்!' என்னும் வாசகம் செந்நிறத்தில் சுடர்ந்தது.

தான் நிம்மதியாகத் தூங்கும் செய்தியை அவள் தெருவில் நின்று படித்துத்தான் தெரிந்துகொண்டாள்.

அதையும் பொறுத்திருப்பாள். ஆனால் ஒரு முற்பகலில், கண் காட்ட வந்த பெரியவர் ஒருவர் அட்டையைக் கடைசி வரி வரை படித்து முடித்து, 'அடுத்தது' என்னும் கட்டளை எழாமையால் திரும்பிப் பார்க்க, பரிசோதகி கோலை ஊன்றி நின்றவாறே உறங்கிக்கொண்டிருந்தாள். முதலாளி வந்தார். "வீட்டுக்காரர் குறட்டைங்க. ராத்திரி பூராத் தூக்கமே இல்ல" என்று அவள் உள்ளதை உரைத்தாள்.

"ஏம்மா, அதான் நின்னுடுச்சே! நானே போஸ்டர்ல படிச்சேனே. வேற ஏதாவது காரணம் சொல்லும்மா. இன்னொரு தடவை இப்படித் தூங்கினா நான் வேற ஆளைப் பாத்துக்குவேன்."

அந்தோ! இருட்டறையில் அவள் உரைத்த மெய், கண்ணாடியில் ஒட்டிய காகிதத்திடம் தோற்றது. அவளுக்கு அழுகை வந்தது. அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது.

எழுந்தாள் வீராங்கனை! கைப்பை தோளேற, குடை வலக்கரம் ஏற, மெத்தைகள் மலையெனக் குவிந்த தம்பியின் கடையுட் புகுந்து முழங்கினாள்: "ஒண்ணு, அந்தப் படத்தை எடு. இல்லேன்னா அவர் உனக்கு யாரு, தலையணை காசுக்கு வாங்கினதா, சும்மா வந்ததான்னு அதுலயே போடு!"

"விளம்பரம்னா எல்லாரும் இப்படித்தான்க்கா..." என்று இழுத்த தம்பி, அக்காளின் புருவம் நெரிவதைக் கண்டு, சிறுவயதில் அப்புருவம் நெரிந்தபோதெல்லாம் தன் முதுகு பட்ட பாட்டை நினைவுகூர்ந்து, பணிந்தான், அல்லது பணிந்தவன் போல் நடித்தான். மறுநாள் படத்தின் அடியோரத்தில், 'இவர் கடைக்காரரின் அக்கா கணவர். தலையணை இலவசமாக வழங்கப்பட்டது' என்றொரு வரி முளைத்திருந்தது. எறும்பும் மூக்குக்கண்ணாடி அணிந்தே படிக்கத்தக்க எழுத்து. போதாக்குறைக்கு அதன்முன் ஒரு பூந்தொட்டி.

மூண்டது தொட்டிப் போர். காலையில் வேலைக்குச் செல்லும் வழியில் அவள் தொட்டியை நகர்த்துவாள்; அவள் குடை முனை தெருக்கோடியில் மறைந்ததும் அவன் மீண்டும் இழுத்து வைப்பான்; மாலையில் திரும்புகையில் அவள் நகர்த்துவாள்; அவன் பல்லைக் கடித்துக்கொண்டு இழுப்பான். எதற்காக இந்த அலைச்சல் என்றறியாத செடியோ, வெயிலும் நிழலும் மாறி மாறிப் பெற்று, அப்பெரும்போரில் ஆதாயமடைந்த ஒரே உயிராய்ச் செழித்து வளர்ந்தது.

இறுதியில் அவள் தன் குலப்படைக்கலத்தையே எடுத்துவிட்டாள். தன் மூக்குக்கண்ணாடிக் கடையின் எழுத்தட்டையைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கி வந்து, படத்திற்குப் பக்கத்திலேயே தொங்கவிட்டு, தெருவில் போவோர் நின்று பார்க்கும் தூரத்தில் தம்பியை நிறுத்தி, அவன் ஒரு கண்ணைத் தன் உள்ளங்கையால் பொத்தினாள்.

"படி."

"அக்கா, ஜனங்க பாக்கறாங்கக்கா..."

"பாக்கட்டும். படி."

மேல்வரிகளை வீரமாகவும் நடுவரிகளைத் திக்கித் திணறியும் படித்தான். "இப்போ நீ போட்ட வரியைப் படி" என்றாள். அவன் கண்ணைச் சுருக்கினான்; கழுத்தை நீட்டினான்; நுனிக்காலில் எம்பினான். "அங்க ஒரு கோடுதானேக்கா இருக்கு?" என்றான். தான் அச்சிட்ட உண்மையைத் தானே கோடென்று மொழிந்த கணத்தில் அவன் கொடி சாய்ந்தது. கூடிநின்ற கூட்டம் கொல்லென்று சிரித்தது.

"உனக்கும் கண்ணாடி போடணும். அந்த எழுத்தையும் பெருசாப் போடணும்" என்று அவள் தீர்ப்பு வழங்கினாள்.

மறுநாள் மாமனின் மீசையளவு பருமனான எழுத்தில் உண்மை ஒளிர்ந்தது. தொட்டி கடையின் உள்ளே போயிற்று. வெற்றித் திருமகளாய் அவள் எதிர்ச்சாரியில் நின்று, பொய்யின் கோட்டை பொடியாகும் கோலத்தைக் காணக் காத்திருந்தாள். ஒரு தம்பதியர் வந்தனர். மனைவி உரக்கப் படித்தாள்.

"ஏங்க, சொந்த அக்கா புருஷனாம். மறைக்காமப் போட்டிருக்காங்க பாருங்க. நாணயமான கடைதான்."

"ஆமா. அக்கா புருஷனை வெச்சுப் பொய் சொல்லிட முடியுமா? அந்த அக்கா சும்மா விடுவாளா?"

இருவரும் உள்ளே சென்று ஆளுக்கொரு தலையணையை மார்போடு அணைத்து வெளிவந்தனர். அவர்களைக் கண்டு வேறு சிலரும் நுழைந்தனர். பொழுது சாய்வதற்குள் தம்பி தொலைபேசியில் ஆர்ப்பரித்தான்: "அக்கா! கடையில ஒண்ணுகூட மிச்சமில்லக்கா! அந்த வரியை இன்னும் பெருசாப் போடட்டுமா?"

உண்மைக்காகப் போர் தொடுத்து, உண்மையையே வென்றெடுத்து, வென்ற உண்மையாலேயே வீழ்த்தப்பட்ட அவ்வீராங்கனை, யாது செய்வாள்! யாரிடம் முறையிடுவாள்! விடிந்தால் இருட்டறையும் முதலாளியும் காத்திருக்க, குடை தரையில் இழுபட, கனத்த இமைகளோடு இல்லம் புகுந்தவள், அங்கே குறட்டை நீக்கியின் பள்ளத்தில் தலை பதித்து, படத்திற் கண்ட அதே புன்னகையோடு, சன்னல்கள் நடுங்க முழங்கிக்கொண்டிருந்த தன் நாயகனை நெடுநேரம் நோக்கி நின்றாள்.

பிறகு அந்தத் தலையணையின் ஓரத் தையலைப் பிரித்து, கொஞ்சம் பஞ்சு எடுத்து, இரண்டு காதிலும் வைத்துக்கொண்டு தூங்கினாள்.